ஏரிலிருந்து அவிழ்த்துச் செல்லப்பட்ட குதிரைகள்

கதிர் முற்றி நிற்கிறது. மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே ஜோடி மாட்டை வண்டியில் பூட்டிக் களத்துக்குக் கிளம்புகிறீர்கள். வழியில் ஓர் அதிகாரி நிற்கிறார். கூடவே போலீஸ்காரரும் கால்நடை மருத்துவரும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு தொகையை எழுதிச் சீட்டை உங்கள் கையில் திணித்துவிட்டு, நுகத்தடியிலிருந்து இரண்டையும் அவிழ்த்து ஓட்டிப் போய்விடுகிறார்கள். பாரம் ஏற்றிய வண்டி நடுரோட்டில் நிற்கிறது.

1914 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்து விவசாயிகளுக்கு ஏறக்குறைய இதுதான் நடந்தது. மாட்டுக்குப் பதில் குதிரை, அவ்வளவுதான் வித்தியாசம். முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவத்திடம் இருந்தவை ஏறத்தாழ 25,000 குதிரைகள். அடுத்த 12 நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பண்ணைகளிலிருந்தும், பால் வண்டிகளிலிருந்தும், பணக்காரர்களின் லாயங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பண்ணையில் என்ன குதிரை இருக்கிறது என்ற கணக்கைப் போருக்கு முன்பே எடுத்து வைத்திருந்ததால்தான் இவ்வளவு வேகம். விலை கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது கோதுமை அறுவடை மாதம். அந்த நேரத்தில் பணத்தை வைத்துக்கொண்டு உழவன் என்ன செய்ய முடியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு குடும்பத்துக் குழந்தைகள் அப்போது போர் அமைச்சராக இருந்த கிச்சனர் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார்கள். தங்கள் வீட்டுக் குதிரைகள் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன, மிச்சமிருக்கும் சிறிய குதிரையையாவது விட்டுவிடுங்கள் என்பதுதான் வேண்டுகோள். அதற்குப் பதிலும் வந்தது. 15 கை உயரத்துக்குக் குறைந்த குதிரைகளை எடுக்க மாட்டோம் என்று அமைச்சர் அலுவலகம் எழுதியது. குதிரையின் உயரத்தைக் 'கை' கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். ஆக, தோள் மேட்டில் 5 அடி உயரம் இல்லாத குதிரைக்கு விலக்கு. குழந்தைகளின் குட்டைக் குதிரை தப்பித்தது. உயரமும் பலமுமாக நின்ற உழவுக் குதிரைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

குதிரை என்றால் வாளேந்திய வீரன் ஏறிப் பாய்ந்து செல்லும் காட்சிதான் நம் மனதில் வரும். சினிமாவும் அதைத்தான் காட்டுகிறது. இயந்திரத் துப்பாக்கியும் முள்கம்பியும் வந்த பிறகு அந்த வேலைக்கு அதிக இடமில்லை. போர்க்களக் குதிரைகளில் பெரும்பாலானவை செய்தது நம் வண்டிமாடு செய்யும் வேலைதான். பீரங்கி இழுப்பது, குண்டுப் பெட்டி சுமப்பது, ரொட்டி, தண்ணீர், மருந்து கொண்டுபோவது, திரும்பி வரும்போது காயம்பட்டவர்களை ஏற்றி வருவது. லாரிகள் இருந்தன. ஆனால் குண்டு விழுந்து குழிகுழியாகக் கிடந்த சேற்று நிலத்தில் சக்கரம் புதைந்தால் லாரி அங்கேயே நின்றுவிடும். குதிரையும் கோவேறு கழுதையும் எப்படியோ காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்து போய்ச் சேர்ந்தன.

ஒரு பீரங்கியை ஆறு குதிரைகள் இழுக்கும். இரண்டிரண்டாக மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் ஓட்டுநர். இடப்பக்கக் குதிரையின் மேல் அமர்ந்துகொண்டு வலப்பக்கத்தையும் சேர்த்து நடத்துவார். தீவனம் வைப்பது, தேய்த்துவிடுவது, லாடம் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இடம் வலம் மாற்றிக் கட்டினால் ஜோடி மாடு எப்படித் தடுமாறும் என்று ஏர் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குதிரையும் அப்படித்தான். தன் ஜோடியும் தன் ஆளும் பக்கத்தில் இருந்தால் குண்டுச் சத்தத்திலும் நிற்கும். இரண்டில் ஒன்று மாறினாலும் மிரளும்.

குண்டைவிடத் தீவனம் கனம்

விவசாயப் பக்கத்தில் இந்தக் கதையைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான்கு ஆண்டுப் போரில் பிரிட்டனிலிருந்து பிரான்ஸ் போர்முனைக்குக் கப்பலில் போன வெடிபொருட்கள் ஏறத்தாழ 52 லட்சம் டன். அதே காலத்தில் குதிரைகளுக்குப் போன உலர்புல், ஓட்ஸ் முதலான தீவனம் 54 லட்சம் டன்னுக்கும் மேல். தோட்டாவைவிடத் தீவனம்தான் அதிக எடை! போரை நடத்தியது தொழிற்சாலை மட்டுமல்ல, வயலும்தான்.

அப்படியும் போதவில்லை. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கிலோ தீவனம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். கடும் வேலை செய்யும் பெரிய குதிரைக்கு அது குறைவு. அதுவும் வேளாவேளைக்குப் போய்ச் சேராது. மாடு ஒருமுறை வயிற்றை நிரப்பிக்கொண்டால் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அதன் இரைப்பை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுவதும் மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்த பிராணி அது. ஒரு வேளை தவறினால் உடனே தளரும், வயிற்று வலி வரும். பசி தாங்காமல் போர்வையைத் தின்ற குதிரைகளும், வண்டிச் சக்கரத்தின் மரத்தைக் கடித்த குதிரைகளும் இருந்திருக்கின்றன.

இன்னொரு தவறும் நடந்தது. இதைக் கால்நடை வளர்ப்பவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். நெருக்கமாகக் கட்டிய குதிரைகளிடையே சொறி பரவியது. சொறிப் பூச்சி ரோமத்தில் பதுங்காமல் இருக்க, உடல் முழுவதும் மயிரைக் கத்தரித்துவிடச் சொன்னார்கள். மருத்துவப்படி சரியான யோசனைதான். ஆனால் 1916-17 குளிர்காலம் மிகக் கடுமையானது. இயற்கையான கம்பளியை இழந்த குதிரைகள் கூரையில்லாத வெட்டவெளியில், பனியிலும் மழையிலும், அரைவயிற்றோடு நின்றன. கொத்துக் கொத்தாகச் செத்தன. அதன் பிறகுதான் முழு உடம்பையும் கத்தரிக்கும் வழக்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. சிகிச்சை சரியாக இருந்தாலும் பருவமும் தீவனமும் பார்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

சேறு தனிக் கொடுமை. இங்கிலாந்தின் ஷயர், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் போன்ற பெரிய உழவு இனங்களுக்குக் குளம்பைச் சுற்றி அடர்த்தியான மயிர்க் குஞ்சம் உண்டு. உழவுக் கண்காட்சியில் அதுதான் அழகு. போர்க்களத்தில் அந்த மயிரில் சேறு அப்பிக் காய்ந்து, கீழே தோல் வெடித்துப் புண்ணானது. கால் மயிர் இல்லாத பிரெஞ்சு இனமான பெர்ஷரான் இதில் நன்றாகத் தாக்குப்பிடித்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் போர் முடிந்த 1918-லேயே பிரிட்டனில் பெர்ஷரான் வளர்ப்போர் சங்கம் தொடங்கினார்கள். எந்த நிலத்துக்கு எந்த இனம் என்பதை அழகு தீர்மானிப்பதில்லை. காங்கயம் காளையையும் உம்பளாச்சேரி காளையையும் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

1917-ல் பெல்ஜியத்தின் பாஷண்டேல் போர்க்களத்தில் பலகை போட்ட பாதையிலிருந்து ஓர் அடி தவறினால் போதும், குதிரை சேற்றில் மூழ்கிவிடும். கயிறு கட்டி இழுத்தும் மீட்க முடியாதபோது ஓட்டுநரே சுட வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் படை மட்டும் இந்தப் போரில் ஏறத்தாழ 4,84,000 குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் இழந்தது. அதில் குண்டுக்கும் விஷவாயுவுக்கும் பலியானவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மற்றவை களைப்பு, பசி, குளிர், நோய். எல்லா நாடுகளையும் சேர்த்தால் 80 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள்.

முதலில் குதிரைக்கு

குதிரைப்படையிலும் பீரங்கிப்படையிலும் ஒரு வழக்கம் இருந்தது. நாள் முடிந்து முகாமுக்கு வந்ததும் முதலில் குதிரைக்குத் தண்ணீர், பிறகு தீவனம், பிறகு தேய்ப்பு. அதன் பிறகுதான் சிப்பாய் தன் சாப்பாட்டைத் தேடிப் போகலாம். நம்மூரில் மாட்டுக்குக் காட்டாமல் தான் சாப்பிட உட்காராத பெரியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே அது ராணுவ ஒழுங்கு. ஆனால் ஒழுங்குக்காக மட்டும் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. குளிர் இரவில் குதிரையின் உடம்போடு ஒட்டிக்கொண்டு தூங்கியவர்கள், தன் பங்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டியவர்கள் ஏராளம். பண்ணையை விட்டு வந்த 19, 20 வயது இளைஞர்கள் அவர்கள். சுற்றிலும் எல்லாம் அன்னியமாக இருந்த இடத்தில், வீட்டு வாசனை அடித்தது குதிரையிடம் மட்டும்தான்.

இத்தாலிய ஓவியர் மட்டானியா 1916-ல் ஓர் ஓவியம் வரைந்தார். குண்டடிபட்டுச் சாலையில் விழுந்துவிட்ட குதிரையின் தலையை மடியில் ஏந்தி ஒரு சிப்பாய் முத்தமிடுகிறான். தூரத்தில் சக வீரன் சீக்கிரம் வா என்று கூப்பிடுகிறான். போர்முனைக் குதிரைகளுக்கு மருத்துவமனை நடத்திய நீலச் சிலுவை அமைப்பு நிதி திரட்டுவதற்காக வரையச் சொன்ன படம் அது. நிதி திரட்ட வரைந்தது என்பதால் அதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை.

இதை 'விசுவாசம்' என்று சொல்லலாமா? எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. குதிரைக்கு நாடு தெரியாது, எதிரி தெரியாது. மந்தையாக வாழும் பிராணி, ஆபத்து வந்தால் ஓடப் பிறந்த பிராணி. அப்படிப்பட்டது குண்டு வெடிக்கும் இடத்தில் ஓடாமல் நிற்கிறது என்றால், முகத்தருகே இருக்கும் கையும் கேட்டுப் பழகிய குரலும்தான் காரணம். அந்தக் கையும் குரலும் அதற்கு மந்தை. அந்த நம்பிக்கை பொய்க்காதவரை நிற்கும். குதிரை நாட்டுக்காக உயிரைக் கொடுத்தது என்று மேடையில் பேசுவதைவிட, தன் ஆளை நம்பி நின்றது என்று சொல்வது சரியாக இருக்கும்.

கோவேறு கழுதையும் நம் முகாமும்

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. அதற்குக் குட்டி பிறக்காது. ஆனால் உழைப்பில் தாய் தந்தை இருவரையும் மிஞ்சும். மலைப்பாதையில் 80 கிலோ வரை பொதி சுமக்கும். குதிரையைவிடக் குறைந்த தீவனத்தில் தாக்குப்பிடிக்கும், நோயையும் தாங்கும். பிடிவாதம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. உண்மையில் அது எச்சரிக்கை. கால் வைக்கும் இடம் உறுதியில்லை என்று தோன்றினால் அடித்தாலும் நகராது. மலையில் பல பேர் உயிரைக் காப்பாற்றிய பிடிவாதம் அது.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போன கால்நடைகள் மட்டும் ஏறத்தாழ 1,70,000. அதில் கோவேறு கழுதைகள் கணிசம். 1915-ல் துருக்கியின் கலிப்போலியில் செங்குத்தான கடற்கரைப் பள்ளத்தாக்குகளில் தண்ணீரும் உணவும் குண்டும் மேலே போய்ச் சேர்ந்தது பெருமளவில் இந்தியக் கோவேறு கழுதைகளாலும் அவற்றின் ஓட்டுநர்களாலும்தான். மலைப் பீரங்கியைத் துண்டு துண்டாகக் கழற்றி அவற்றின் முதுகில் ஏற்றிப் போவார்கள்.

அங்கே ஜான் சிம்ப்சன் என்று ஓர் ஆஸ்திரேலிய மருத்துவப்படை வீரர் இருந்தார். சிறுவயதில் இங்கிலாந்துக் கடற்கரையில் கழுதை சவாரி நடத்தும் இடத்தில் வேலை பார்த்தவர். தரையிறங்கிய சில நாட்களிலேயே ஒரு கழுதையைப் பிடித்து, காலில் அடிபட்டவர்களை அதன்மேல் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவரத் தொடங்கினார். தன் படைப்பிரிவோடு தங்காமல், இந்திய மலைப் பீரங்கிப்படை முகாமில் போய்த் தங்கினார். காரணம் எளிது. கழுதைக்குத் தீவனம் அங்கேதான் கிடைக்கும்! நம்மவர்களோடே சாப்பிட்டார். அவர்கள் அவரை 'பகதூர்' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். மூன்று வாரத்துக்கும் சற்று அதிக காலம்தான். மே 19 அன்று குண்டடிபட்டு இறந்தார். ஆஸ்திரேலியாவில் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அவரையும் கழுதையையும் சேர்த்தே அறிந்திருக்கிறார்கள். தீவனம் போட்ட இந்திய முகாமைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

நட்பின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பர்மா காட்டுக்குள் ஜப்பானியப் படைக்குப் பின்னால் ஊடுருவிய 'சிந்திட்' படையினர், கனைப்புச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகக் கோவேறு கழுதைகளின் குரல்நாண்களை அறுவை செய்து அகற்றினார்கள். அந்த ஊமைக் கழுதைகளோடுதான் அவர்கள் காட்டில் நடந்தார்கள், ஆற்றைக் கடந்தார்கள். அவை செத்தபோது அழுதவர்களும் அதே ஆட்கள்தான்.

முதல் போரில் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவப்படையின் வேலை தனியாகச் சொல்லத் தகுந்தது. பிரான்சில் அவர்களின் மருத்துவமனைகளில் குதிரைகள் சேர்க்கப்பட்ட கணக்கு 25 லட்சத்தைத் தாண்டும். சேர்ந்தவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் குணமாகி வேலைக்குத் திரும்பின. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் இது சாதாரணமல்ல. எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து நேச நாடுகளுக்குக் கப்பலேறக் காத்திருந்த குதிரைகளுக்குக் கிளாண்டர்ஸ் நோயையும் அடைப்பானையும் பரப்ப, ஆன்டன் டில்கர் என்ற மருத்துவர் ஜெர்மனிக்காக ஒரு வீட்டில் கிருமி வளர்த்தார். அடைப்பான் வந்த மாட்டைப் புதைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதைப் படிக்கும்போதே உடம்பு கூசும்.

குதிரை போன வயல்களில் என்ன நடந்தது? கிழட்டுக் குதிரைகளையும் பிரசவித்த பெண் குதிரைகளையும் வைத்து ஒப்பேற்றினார்கள். ஆண்களும் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்கள் கலப்பை பிடித்தார்கள். 1917-ல் நீர்மூழ்கிக் கப்பல்கள் உணவுக் கப்பல்களை மூழ்கடிக்க, உணவுப் பஞ்சம் எட்டிப்பார்த்தது. பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டிடம் 6,000 டிராக்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஃபோர்ட்சன் டிராக்டர் பெரிய அளவில் வயலில் இறங்கிய கதை இங்கேதான் தொடங்குகிறது. போருக்குப் போன குதிரைகளின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தவற்றுக்கும் பழைய இடம் இல்லை. கிழக்கு இங்கிலாந்தின் உழவுக் குதிரையான சஃபோக் பஞ்ச் இன்று அழியும் நிலையில் உள்ள இனங்களில் ஒன்று.

பல் பார்த்துத் தீர்ப்பு

1918 நவம்பரில் போர் முடிந்தது. சிப்பாய்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். குதிரைகள்?

மறுபடியும் பல் பிடித்துப் பார்த்தார்கள். இளையவை, திடமானவை தனியாக. வயதானவை, நொண்டுபவை தனியாக. கப்பல் குறைவு, செலவு அதிகம், நோய் பரவும் என்ற பயம். நல்ல குதிரைகள் கொஞ்சம் பிரிட்டனுக்குத் திரும்பின. அதுவும் இழுத்தடித்தது. 1919-ல் போர் அமைச்சரான சர்ச்சில் அதிகாரிகளைக் கடிந்துகொண்டு எழுதிய பிறகே வேகம் பிடித்தது. ஏராளமானவற்றை பிரான்ஸ், பெல்ஜிய விவசாயிகளுக்கு ஏலம் விட்டார்கள். அவை பாக்கியசாலிகள், மறுபடியும் ஏருக்குப் போயின. பல்லாயிரம் குதிரைகள் கசாப்புக்குப் போயின. நம் பாஷையில் சொன்னால், அடிமாடு.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் கடினம். 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து அனுப்பியது அந்த நாடு. 1917 அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனத்தின் பீர்ஷெபா கிணறுகளைப் பிடிக்கப் பாய்ந்தது ஆஸ்திரேலியக் குதிரைப்படை. அந்தக் குதிரைகளில் பல ஒரு நாளுக்கும் மேலாகத் தண்ணீர் குடிக்காதவை. அவற்றின் ஓட்டத்தால்தான் அன்று மாலை ஊர் வீழ்ந்தது. போர் முடிந்ததும், நோய்த்தடுப்பு விதியும் கப்பல் செலவும் காரணமாக அவற்றை வீட்டுக்கு அழைத்துவரவில்லை. 12 வயதைக் கடந்தவற்றையும் உடல் தகுதி இழந்தவற்றையும் சுடச் சொன்னார்கள். சுடுவதற்கு முன் லாடத்தைக் கழற்றி, பிடரி மயிரையும் வால் மயிரையும் கத்தரித்துக்கொண்டார்கள். மயிருக்கு விலை இருந்தது. அத்தனை குதிரைகளில் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியது ஒன்றே ஒன்று. கலிப்போலியில் குண்டடிபட்டு இறந்த ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரையான சாண்டி.

மிச்சமிருந்தவற்றில் ஒரு பகுதி இந்திய ராணுவத்துக்கு வந்தது. இந்தியாவுக்கு ஆஸ்திரேலியக் குதிரை புதிதல்ல. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் 'வேலர்' என்று பெயர். 19-ம் நூற்றாண்டிலிருந்தே கல்கத்தாவுக்கும் நம் சென்னைக்கும் கப்பல் கப்பலாக வந்து விற்பனையான இனம் அது. சென்னை மாகாண ராணுவத்துக்குக் குதிரைகளை வளர்த்துப் பழக்கிய இடம் எது தெரியுமா? ஓசூர் மத்திகிரி. இன்று அரசு கால்நடைப் பண்ணையாக நீங்கள் அறிந்திருக்கும் அதே இடம்தான். மாட்டினம் பற்றிப் பயிற்சிக்கோ, கிடாரி பார்க்கவோ அங்கே போயிருந்தால், ஒரு காலத்தில் ராணுவக் குதிரைகள் மேய்ந்த புல்வெளியில்தான் நடந்திருக்கிறீர்கள். கொள்ளுக்கு ஆங்கிலத்தில் குதிரையின் பெயரால் பெயர் வந்ததும் இப்படிப்பட்ட லாயங்களின் தீவனத் தொட்டியால்தான்.

கெய்ரோ தெருக்களில்

எகிப்தில் பிரிட்டிஷ் ராணுவம் ஏறத்தாழ 20,000 குதிரைகளை உள்ளூரிலேயே விற்றுவிட்டது. 1930-ல் கணவரின் ராணுவப் பணி காரணமாகக் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற பெண்மணி, தெருவில் கல்வண்டி இழுக்கும் எலும்பும் தோலுமான குதிரைகளைப் பார்த்தார். அருகில் போய்ப் பார்த்தால், தொடையில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அம்புக்குறிச் சூடு. போர் முடிந்து 12 ஆண்டு. இருபது வயதைத் தாண்டியும் இழுத்துக்கொண்டிருந்தன.

வாங்கியவர்களை அவர் கொடியவர்கள் என்று திட்டவில்லை. அவர்களும் அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு என்ற நிலையில் இருந்த ஏழைகள். குதிரையைப் பறித்தால் குடும்பம் பட்டினி. அதனால் உரிய விலை கொடுத்து வாங்குவது என்று முடிவெடுத்தார். 1931 ஏப்ரலில் லண்டனின் 'மார்னிங் போஸ்ட்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் வந்து குவிந்தது. அனுப்பியவர்களில் குதிரைகளோடு போர்முனையில் இருந்தவர்களும் அடக்கம். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை வாங்கினார்.

பெரும்பாலானவை மீட்க முடியாத நிலையில் இருந்தன. சில நாள் வயிறார உணவும், நிழலும், ஓய்வும் கொடுத்து, பிறகு வலியில்லாமல் உயிரை முடித்துவைப்பதைத் தவிர வழியில்லை. கொண்டுவந்து லாயத்தில் விட்டபோது, காலடியில் தடிமனாகப் பரப்பியிருந்த வைக்கோலை அவை குனிந்து குனிந்து மோந்து பார்த்ததை அவர் எழுதியிருக்கிறார். படுக்கை என்று ஒன்று உண்டு என்பதையே மறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

1934-ல் கெய்ரோவில் அவர் தொடங்கிய குதிரை மருத்துவமனைதான் இன்று 'புரூக்' என்ற உலக அமைப்பு. இந்தியாவிலும் செங்கல் சூளைகளில் உழைக்கும் கழுதை, கோவேறு கழுதை, குதிரைகளுக்கு வேலை செய்கிறது. இலவச மருந்தோடு நிற்காமல், வளர்ப்பவருக்கே லாடம் அடிப்பதையும் பொதிப்புண் வராமல் சேணம் தைப்பதையும் கற்றுக்கொடுப்பது அவர்கள் பாணி. வளர்ப்பவனைத் தள்ளிவைத்துவிட்டுக் கால்நடையைக் காப்பாற்ற முடியாது என்பது டோரதிக்கு அப்போதே தெரிந்திருந்தது.

நம் ராணுவத்திலும் ஒரு கதை உண்டு. 1962-ல் பணியில் சேர்ந்த பெடோங்கி என்ற பெண் கோவேறு கழுதை, 1971 போரின்போது பாகிஸ்தான் படையிடம் சிக்கியது. அவர்கள் ஏற்றிய இயந்திரத் துப்பாக்கிப் பொதியோடே தப்பித்து, மலைப்பாதையில் தனியாக நடந்து தன் முகாமுக்கே வந்து சேர்ந்தது என்கிறார்கள். எதிரியின் துப்பாக்கியைக் கைப்பற்றி வந்தது என்று வீரர்கள் கொண்டாடினார்கள். அது தேடி வந்தது தன் கட்டுத்தறியையும் தன் ஆட்களையும்தான் என்று நினைக்கிறேன். கைவிட்டு மாட்டை விற்றவர்கள், நாலைந்து நாள் கழித்து அது கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? பெடோங்கியை மட்டும் மறுபடி விற்கவில்லை. ராணுவம் அதற்கு நீலப் போர்வை போர்த்தி மரியாதை செய்தது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, 1998-ல் இறக்கும்வரை தீவனம் போட்டது.

வீடு திரும்பிய பிரிட்டிஷ் குதிரைகளில் புகழ்பெற்றது வாரியர். வைட் தீவில் பிறந்து, எஜமானர் ஜாக் சீலியோடு 1914 ஆகஸ்ட்டிலேயே பிரான்சுக்குப் போனது. நான்கு ஆண்டு குண்டுமழையிலும், பாஷண்டேல் சேற்றிலும் தப்பியது. 1918 மார்ச் 30 அன்று மொரேல் காட்டுக்குள் சீலியைச் சுமந்துகொண்டு படைக்கு முன்னால் பாய்ந்தது. ஊர் திரும்பிய பின், 1922-ல் தன் தீவில் நடந்த பந்தயத்தில் ஓடி ஜெயித்தது. முப்பது வயது தாண்டியும் கிழவரும் குதிரையும் சேர்ந்து மேட்டில் உலாவுவதை ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இன்னொரு போர் வந்தது. 1941-ல் பிரிட்டனில் தானியம் பங்கீட்டில் இருந்தது. வயதான வாரியர் உடம்பு தேறி நிற்க வேண்டுமானால் கூடுதலாக ஓட்ஸ் வேண்டும். மனிதர்களுக்கே அளந்து கொடுக்கும் காலத்தில் அதைக் கேட்பது முறையல்ல என்று சீலி முடிவு செய்தார். அந்த வசந்த காலத்தில் வாரியரின் வாழ்க்கையை முடித்துவைத்தார்கள்.